206 வினாடிக் கணக்கு: சராசரி வேகக் கேமரா எப்படி வேலை செய்கிறது?

என் அக்கா மகன் லாரி ஓட்டுகிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தெம்பனிஸில் எங்கள் புளோக்குக்குக் கீழே இருக்கும் கோப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தோம். ரொட்டி பரோட்டா இன்னும் வரவில்லை. திடீரென்று கேட்டான்:

"மாமா, ரெண்டு இடத்துல கேமரா வச்சு சராசரி வேகம் பார்க்கிறாங்களே, அதுல கடைசிக் கொஞ்ச தூரம் மெதுவா போயிட்டா சராசரி இறங்கிடும்தானே? அப்புறம் எப்படி மாட்டுவோம்?"

நல்ல கேள்வி. வண்டி ஓட்டும் நிறையப் பேர் மனத்தில் இது இருக்கிறது, கேட்பதில்லை. அவன் சட்டைப்பையில் இருந்த பழைய டெலிவரி சீட்டை வாங்கி, பின்பக்கம் கணக்குப் போட்டுக் காட்டினேன். அதையே இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

முதலில், நமக்குப் பழக்கமான கேமராக்கள். சாலையோரத்தில் நிலையாக நிற்பவை, இடம் மாற்றி மாற்றி வைப்பவை, போலிஸ் அதிகாரி கையில் பிடித்திருக்கும் லேசர் கருவி என்று சிங்கப்பூரில் பல வகை உண்டு. 2024 ஏப்ரல் 1 முதல் சிவப்பு விளக்குக் கேமராக்களிலும் படிப்படியாக வேகத்தை அளக்கும் வசதி செயல்படத் தொடங்கியது. இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று இருக்கிறது: வாகனம் ஓர் இடத்தைக் கடக்கும் அந்த நொடியில் எவ்வளவு வேகத்தில் போகிறது என்று மட்டும்தான் பார்க்கின்றன. அதற்கு முன்னாலோ பின்னாலோ நடந்தது அவற்றுக்குத் தெரியாது. (விரைவுச்சாலையில் நாம் கடந்துபோகும் ஈஆர்பி வளைவுகள் சாலைக் கட்டணத்துக்கானவை. அவற்றைப் பார்த்துப் பிரேக் போடுகிறவர்களும் இருக்கிறார்கள் என்பதால் சொல்கிறேன்.)

ஓரிடத்தை மட்டும் பார்ப்பதில் என்ன சிக்கல் என்பது எல்லோருக்கும் தெரியும். கேமரா இருக்கும் இடம் தெரிந்துவிட்டால், 100 மீட்டர் முன்னால் பிரேக், தாண்டியதும் மறுபடி ஆக்சிலரேட்டரில் கால். கங்காரு மாதிரி குதித்துக் குதித்துப் போவது. பின்னால் வருகிறவர் இதை எதிர்பார்க்காவிட்டால் மோதல்தான். வேகத்தைக் குறைக்க வைத்த கருவியே அந்த ஓர் இடத்தில் புதிதாக ஓர் ஆபத்தை உண்டாக்கிவிடுகிறது.

இரண்டு கேமரா, ஒரு கடிகாரக் கணக்கு

சராசரி வேகக் கேமரா அந்த நொடியின் வேகத்தைப் பார்ப்பதே இல்லை. அது நேரத்தை எண்ணுகிறது.

ஒரு சாலையின் குறிப்பிட்ட பகுதியை எடுத்துக்கொள்கிறார்கள். தொடக்கத்தில் ஒரு கேமரா, முடிவில் ஒரு கேமரா. உங்கள் கார் முதல் கேமராவைக் கடக்கும்போது அது எண் பலகையைப் படித்து, எத்தனை மணி, எத்தனை நிமிடம், எத்தனை வினாடி என்று குறித்துக்கொள்கிறது. இரண்டாவது கேமராவைக் கடக்கும்போது அதே எண் மறுபடி படிக்கப்படுகிறது. இரண்டு நேரத்துக்கும் உள்ள வித்தியாசம் கிடைத்துவிட்டது. இரண்டு கேமராக்களுக்கும் இடையில் உள்ள தூரம் முன்னரே அளந்து வைத்தது. தூரத்தை நேரத்தால் வகுத்தால் சராசரி வேகம். தொடக்கப்பள்ளியில் நம் பிள்ளைகள் போடும் அதே கணக்குதான்.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். பகுதியின் நீளம் 4 கிலோமீட்டர், வேக வரம்பு மணிக்கு 70 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சரியாக 70 வேகத்தில் போனால் 4 கிலோமீட்டரைக் கடக்க ஏறக்குறைய 206 வினாடி ஆகும், அதாவது 3 நிமிடம் 26 வினாடி. 80 வேகத்தில் போனால் 180 வினாடி. 90 வேகத்தில் 160 வினாடி. ஆகவே கணினி கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: இந்த வண்டி 206 வினாடிக்கு முன்னால் வந்து சேர்ந்துவிட்டதா?

வந்து சேர்ந்துவிட்டது என்றால், அது எங்கேயோ ஓரிடத்தில் வரம்பைத் தாண்டித்தான் இருக்க வேண்டும். எந்த இடம் என்று கேமராவுக்குத் தெரியாது, தெரியவும் தேவையில்லை. ஒரு நொடிகூட 70-ஐத் தாண்டாத வண்டியால் 206 வினாடிக்குள் 4 கிலோமீட்டரைக் கடக்கவே முடியாது. எனக்கு இந்த முறையில் மிகவும் பிடித்தது இதுதான். "நான் முந்துவதற்காக ஒரு நொடி மட்டும் அழுத்தினேன், அப்போது பார்த்து மாட்டிக்கொண்டேன்" என்று சொல்ல இங்கே இடமில்லை. ஒரு நொடி அழுத்தியவரின் சராசரி அப்படியொன்றும் ஏறிவிடாது. 4 கிலோமீட்டரில் பெரும்பகுதியை வேகமாக ஓட்டியவரின் சராசரிதான் ஏறும். இந்த விதத்தில் இது ஓரிடத்துக் கேமராவைவிட நியாயமான அளவுகோல்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். சராசரி வரம்புக்குள் இருக்கிறது என்பதற்காக வழியெல்லாம் ஒழுங்காக ஓட்டினார் என்று ஆகிவிடாது. அதே பகுதிக்குள் லேசர் கருவியோடு ஓர் அதிகாரி நின்றால் அது தனிக் கணக்கு.

சரி, கடைசியில் மெதுவாகப் போனால்?

இப்போது அக்கா மகனின் கேள்விக்கு வருவோம். முதல் 3 கிலோமீட்டரை 90 வேகத்தில் பறந்துவிட்டோம். அதற்கு 120 வினாடி செலவாகிவிட்டது. 206-ல் மீதி 86 வினாடி. கடைசி 1 கிலோமீட்டரை அந்த 86 வினாடிக்கு முன்னால் முடித்துவிடக் கூடாது. என்ன வேகத்தில் போக வேண்டும்? ஏறக்குறைய 42.

"பார்த்தீங்களா, முடியுது!" என்றான் அவன். முடியும்தான், மறுக்கவில்லை. சராசரி இறங்கும், அபராதக் கடிதமும் வராது. ஆனால் சீட்டில் இன்னொரு வரி எழுதினேன். நீ 90-ல் பறந்து, அப்புறம் 42-ல் ஊர்ந்து, இரண்டாவது கேமராவுக்கு வந்து சேர்ந்தது எத்தனையாவது வினாடியில்? 206. உன்கூடவே புறப்பட்டு, பாட்டுக் கேட்டுக்கொண்டே சீராக 70-ல் வந்தவர் சேர்ந்தது? அதே 206. வேகமாக ஓட்டினால் கிடைக்கக்கூடிய லாபம் ஒன்றே ஒன்றுதான், நேரம். இந்தக் கேமரா எண்ணுவதும் அதையேதான். அதை ஏமாற்ற வேண்டுமானால் மிச்சம் பிடித்த அத்தனை வினாடியையும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பெட்ரோலும் பிரேக்கும் போனது போனதுதான். 70-ல் எல்லோரும் போகும் சாலையில் 42-ல் ஊர்ந்தால் பின்னால் எத்தனை ஹாரன் கேட்கும் என்பதையும் அவனே யோசித்துக்கொண்டான்.

இந்த இடத்தில் பலர் சறுக்குவார்கள், கொஞ்சம் நின்று பார்ப்பது நல்லது. முதல் 2 கிலோமீட்டர் 100 வேகம், அடுத்த 2 கிலோமீட்டர் 60 வேகம். சராசரி என்ன? உடனே 80 என்று சொல்லத் தோன்றும். 100-ஐயும் 60-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்தால் 80 வருகிறது. ஆனால் விடை 75. ஏன் என்று நேரத்தில் பாருங்கள்: 100 வேகத்தில் 2 கிலோமீட்டருக்கு 72 வினாடி, 60 வேகத்தில் 2 கிலோமீட்டருக்கு 120 வினாடி, மொத்தம் 192 வினாடி. 4 கிலோமீட்டரை 192 வினாடியில் கடந்தால் மணிக்கு 75. வேகமாகப் போன பாதி சீக்கிரமே முடிந்துவிட்டது, மெதுவாகப் போன பாதியில்தான் அதிக நேரம் சாலையில் இருந்தோம். அதனால் மெதுவான வேகத்துக்குச் சராசரியில் கனம் அதிகம். வேகங்களைக் கூட்டி வகுப்பது தப்பு, மொத்தத் தூரத்தை மொத்த நேரத்தால் வகுப்பதே சரி. கேமராவும் அப்படித்தான் செய்கிறது.

இதே கணக்கு, வேகத்தின் லாபம் எவ்வளவு சின்னது என்பதையும் காட்டுகிறது. கேமராவே இல்லாத சாலையில் 4 கிலோமீட்டரையும் 70-க்குப் பதில் 90-ல் ஓட்டினால் மிச்சம் 46 வினாடி. அடுத்த சந்திப்பில் ஒரு சிவப்பு விளக்கு விழுந்தால் அதுவும் போச்சு. அந்த 46 வினாடிக்கு என்ன விலை என்று கேளுங்கள். 70-லும் 90-லும் வந்த இரண்டு கார்கள் ஒரே இடத்தில் ஒரே மாதிரி பிரேக்கை அழுத்துகின்றன. 70-ல் வந்தது முழுமையாக நின்றுவிட்ட அதே புள்ளியில், 90-ல் வந்தது இன்னும் மணிக்கு 56 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். வேகம் இரண்டின் வர்க்கத்தையும் கழித்து வர்க்கமூலம் எடுத்தால் வரும் எண் அது: 8100-லிருந்து 4900 போனால் 3200, அதன் வர்க்கமூலம் 56 சொச்சம். அந்தப் புள்ளியில் ஓர் ஆள் நின்றிருந்தால், முதல் காரின் ஓட்டுநர் படபடப்போடு வீட்டுக்குப் போவார். இரண்டாவது காரின் ஓட்டுநருக்கு அன்றைய நாள் அப்படி முடியாது.

கடிகாரமும் நாடாவும்

இந்த முறை நம்பகமாக இருக்க இரண்டு விஷயங்கள் சரியாக இருக்க வேண்டும்: இரண்டு கேமராக்களின் கடிகாரங்களும் ஒத்துப்போக வேண்டும், தூரம் சரியாக அளக்கப்பட்டிருக்க வேண்டும்.

கடிகாரத்தில் ஒரு வினாடி பிசகினால் என்ன ஆகும்? 4 கிலோமீட்டர் பகுதியில் 70 வேகத்தில் வந்தவரின் சராசரி ஏறக்குறைய 0.3 கிலோமீட்டர்தான் மாறும். ஆனால் பகுதியின் நீளம் வெறும் 300 மீட்டராக இருந்தால், அதே ஒரு வினாடிப் பிசகு 70-ஐ ஏறக்குறைய 75 ஆக்கிவிடும். அதனால்தான் இந்த முறைக்கு நீளமான பகுதி நல்லது. நீளம் கூடக் கூடச் சின்னப் பிழைகள் கரைந்துவிடும்.

கடிகாரம் பிசகினால் என்ன நடக்கும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் உதாரணம். அங்கே ஹியூம் நெடுஞ்சாலையில் இருந்த சராசரி வேகக் கேமராக்கள் சில ஓட்டுநர்களைத் தவறாகக் குற்றவாளியாக்கியது 2010-ல் தெரியவந்தது. அமைப்பையே நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. இரண்டு கேமராக்களின் நேரம் ஒத்துப்போகாமல் போனதே கோளாறு. கருவியை நம்புகிறோம் என்றால் அதைச் சோதிக்கும் வேலையையும் விடாமல் செய்ய வேண்டும்.

தூரத்தைப் பொறுத்தவரை, ஓட்டுநருக்கு அநியாயம் ஆகாதபடி அளப்பதற்கு ஒரு வழி இருக்கிறது: வண்டி போகக்கூடிய மிகக் குறுகிய பாதையை, வளைவுகளில் உள்பக்கமாக ஒட்டிப் போகும் பாதையை, அளந்து அதையே கணக்கில் எடுப்பது. தடம் மாறி மாறிப் போனவர் உண்மையில் இன்னும் சில மீட்டர் அதிகம் ஓடியிருப்பார், ஆனால் அது கணக்கில் சேராது. ஆகவே கணினி சொல்லும் சராசரி அவருடைய உண்மையான சராசரியைவிடத் துளி குறைவாகத்தான் இருக்கும்.

உங்கள் காரில் இருக்கும் வேகமானியும் உங்கள் பக்கம்தான். ஐநா வாகன ஒழுங்குமுறை 39-ன்படி, வேகமானி உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது, கொஞ்சம் கூட்டிக் காட்டலாம். முள்ளை 70-ல் வைத்து ஓட்டினால் உண்மையில் 70-லோ, அதற்குச் சற்றுக் கீழேயோதான் போய்க்கொண்டிருப்பீர்கள்.

அடுத்து எண் பலகை. கேமரா அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சிப் படம் பிடித்தால் இரவிலும் எழுத்துகள் தெரியும், ஓட்டுநரின் கண்ணும் கூசாது. படத்தில் இருக்கும் எழுத்துகளையும் எண்களையும் மென்பொருள் அடையாளம் காணும். மழையில், அழுக்கில், 3-ஐ 8 என்று படித்துவிட்டால்? சிங்கப்பூர் எண் பலகையில் இதற்கென்றே பிறந்தது போல ஓர் அழகான ஏற்பாடு இருக்கிறது. பலகையின் கடைசியில் தனியாக நிற்கும் ஓர் எழுத்தைப் பார்த்திருப்பீர்கள். அது இஷ்டத்துக்கு வைத்தது இல்லை, முன்னால் இருக்கும் எழுத்துகளிலிருந்தும் எண்களிலிருந்தும் கணக்கிட்டு வருவது.

வழி இதுதான். மூன்றெழுத்து முன்னொட்டில் கடைசி இரண்டு எழுத்துகளை ஆங்கில அகரவரிசையில் அவற்றின் இட எண்ணாக மாற்றி, 9-ஆலும் 4-ஆலும் பெருக்க வேண்டும். நான்கு எண்களையும் வரிசையாக 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்க வேண்டும். எல்லாவற்றையும் கூட்டி 19-ஆல் வகுத்தால் மீதி வருகிறதல்லவா, அந்த மீதிக்கு உரிய எழுத்துதான் கடைசி எழுத்து. அதற்காக 19 எழுத்துகளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ஐ, ஓ உட்பட 7 எழுத்துகள் கடைசி இடத்தில் வரவே வராது. இப்போது முதல் எண்ணான 3-ஐ 8 என்று தவறாகப் படித்தால் கூட்டுத்தொகை 25 கூடிவிடும். 25-ஐ 19 வகுக்காது, ஆகவே மீதி மாறும், எழுத்து ஒத்துப்போகாது, பிழை காட்டிக்கொடுத்துவிடும். 19 பகா எண் என்பதால், எந்த ஓர் எண்ணை மாற்றிப் படித்தாலும் இந்தச் சோதனையில் மாட்டிக்கொள்ளும். அடுத்த முறை போக்குவரத்து நெரிசலில் நிற்கும்போது முன்னால் இருக்கும் காரின் எண்ணை வைத்து ஒரு தடவை போட்டுப் பாருங்கள். பின்னிருக்கையில் பிள்ளைகள் இருந்தால் அவர்களிடமே விடுங்கள். ஜோகூரிலிருந்து வரும் வண்டிகளில் இந்தச் சோதனை எழுத்து கிடையாது.

தானா மேரா கடலோரம்

சிங்கப்பூரில் சராசரி வேகக் கேமரா நடைமுறைக்கு வந்தது 2018 டிசம்பரில், தானா மேரா கோஸ்ட் ரோட்டில். விமான நிலையத்துக்கும் கடலுக்கும் இடையில் போன நீண்ட, நேரான சாலை. குறுக்கே சந்திப்புகள் அதிகம் இல்லை. நேரான வெறுஞ்சாலையைப் பார்த்ததும் சிலருக்குக் கால் தானாக அழுந்துகிறது, இரவில் பந்தயம் விடுகிறவர்களும் அப்படிப்பட்ட சாலையைத்தான் தேடுவார்கள். அதே சாலையில் வார இறுதி விடியற்காலையில் மிதிவண்டிக் கூட்டம் கூட்டமாகப் போகும். நானும் அப்படிப் போனவன். பின்னாலிருந்து ஒரு காரின் சத்தம் ஏறிக்கொண்டே வரும்போது முதுகுத்தண்டில் ஏறும் கூச்சத்தை மிதிவண்டி ஓட்டியவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்தச் சாலையில் ஒரே ஓர் இடத்தில் கேமரா வைத்தால் அந்த இடத்தில் மட்டும்தான் மிதிவண்டிக்காரருக்குப் பாதுகாப்பு. முழு நீளத்துக்கும் வேகம் அடங்கியிருக்க வேண்டுமென்றால் நேரத்தை எண்ணும் முறைதான் பொருத்தம்.

மற்ற நாடுகளில் இது இன்னும் பழையது. பிரிட்டனில் இந்த வகைக் கருவிக்கு 1999-ல் அனுமதி கிடைத்தது. ஸ்காட்லாந்தில் டன்பிளேனிலிருந்து இன்வர்னெஸ் வரை போகும் ஏ9 சாலையில் 2014-ல் வந்தது. வியன்னாவில் ஒரு சுரங்கச் சாலையில் 2003-ல். நெதர்லாந்தின் காரணம் எனக்கு வியப்பாக இருந்தது: 2002-ல் ரோட்டர்டாம் அருகே, வீடுகளை ஒட்டிப் போகும் ஏ13 நெடுஞ்சாலையில் வரம்பை 80 ஆக்கி இந்தக் கேமராக்களை வைத்தார்கள். அங்கே வசித்தவர்களுக்குப் புகையும் இரைச்சலும் குறைய வேண்டும் என்பது நோக்கம். எல்லோரும் ஒரே சீராகப் போனால் அடிக்கடி முடுக்குவதும் பிரேக் போடுவதும் இல்லை, புகையும் குறைகிறது.

ஒரு நியாயமான கவலையும் உண்டு. ஓரிடத்துக் கேமரா தப்புச் செய்தவரை மட்டும் படம் பிடித்தால் போதும். சராசரிக் கேமராவோ, யார் தப்புச் செய்வார் என்று முன்கூட்டித் தெரியாததால், நுழைகிற எல்லா வண்டிகளின் எண்ணையும் குறித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஜெர்மனியில் ஹனோவர் அருகே 2019-ல் வைத்த கேமராக்களை, சந்தேகமே இல்லாதவர்களின் எண்ணைப் பதிவு செய்யச் சட்டத்தில் இடமில்லை என்று நீதிமன்றம் அதே ஆண்டு மார்ச்சில் நிறுத்திவைத்தது. சட்டத்தில் அதற்கான பிரிவைச் சேர்த்த பிறகுதான் மறுபடி ஓடின. வரம்புக்குள் வந்தவர்களின் பதிவை உடனே அழித்துவிடுவதே இதற்குச் சரியான வழி என்பது என் எண்ணம்.

நம் ஊரில் வேக வரம்பை மீறினால் அபராதத்தோடு குற்றப் புள்ளிகளும் ஏறும். 24 மாதத்துக்குள் 24 புள்ளி சேர்ந்தால் உரிமம் தற்காலிகமாக நிறுத்தப்படும். உரிமம் எடுத்து ஓராண்டு ஆகாத புது ஓட்டுநர் 13 புள்ளி சேர்த்தால் உரிமமே ரத்து. 2026 ஜனவரி 1 முதல் வேகத்துக்கான அபராதமும் புள்ளிகளும் கூடியிருக்கின்றன. வண்டி ஓட்டிச் சம்பாதிக்கிறவருக்கு உரிமம் போவதும் வேலை போவதும் ஒன்றுதான்.

பரோட்டா வந்து, சாப்பிட்டும் முடித்தோம். அவன் சீட்டை மடித்துப் பையில் வைக்கப் போனான். "206 வினாடி, ஞாபகம் வச்சுக்கிறேன் மாமா" என்றான்.

"உன் லாரிக்குப் பின்னால வட்டமா ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கே, அதுல என்ன எண்?" என்று கேட்டேன்.

ஒரு கணம் விழித்தான். "60."

3,500 கிலோவுக்கு மேற்பட்ட லாரிக்கு, சாலைப் பலகையில் 70 என்றோ 90 என்றோ எழுதியிருந்தாலும் வரம்பு 60-தான். எண் பலகையைப் படித்துவிட்டால் அது காரா லாரியா என்பது பதிவிலிருந்தே தெரிந்துவிடும். பேனாவை வாங்கி, 206-ஐ அடித்துவிட்டுப் பக்கத்தில் அவனே கணக்குப் போட்டான். 4 கிலோமீட்டர், மணிக்கு 60. நிமிடத்துக்கு ஒரு கிலோமீட்டர். 240 என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டான்.